பள்ளிவாசல் தூணில் தொங்கிய பேரீச்சங்குலை



   

மதீனாவில் நபி (ஸல்) அவர்களுடைய பள்ளிவாசலின் ஓரத்தில் ஒரு திண்ணை இருந்தது. அதற்கு ஸுஃப்பா என்று பெயர். வீடு வாசல் இல்லாதவர்கள், ஊரை விட்டு வந்தவர்கள் அங்கே தங்கி தீனைக் கற்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். சம்பளம் கிடையாது, சாப்பாட்டுக்கு நிரந்தர ஏற்பாடு கிடையாது. அவர்களைத் தாங்கியது ஊர் மக்கள்தான். இருவருக்கான உணவு உள்ளவர் மூன்றாவது ஆளை அழைத்துச் செல்லட்டும் என்று நபியவர்கள் சொல்ல, அபூபக்ர் (ரலி) அவர்கள் மூவரைக் கூட்டிச் சென்றார்கள். நபியவர்கள் பத்துப் பேரை அழைத்துச் சென்றார்கள். புகாரியில் வரும் செய்தி இது. இன்று நாம் நன்கொடையாளர் ஆதரவில் நடக்கும் கல்வித் திட்டம் என்று சொல்கிறோமே, அதன் முதல் வடிவம் இதுதான்.

அன்சாரிகள் பேரீச்சந்தோட்டக்காரர்கள். அறுவடை வந்தால் ஒரு குலை, இரண்டு குலை என்று கொண்டு வந்து பள்ளிவாசலில் தொங்கவிடுவார்கள். ஸுஃப்பாவாசிகளில் பசித்தவர் வந்து கைத்தடியால் ஒரு தட்டு தட்டுவார். விழுகிற பழத்தை எடுத்துச் சாப்பிடுவார். யாரிடமும் கேட்க வேண்டாம், யாரும் பெயர் எழுதி வைக்க மாட்டார்கள். கொடுத்தவருக்கு எடுத்தவரைத் தெரியாது.

ஆனால் சிலர் என்ன செய்தார்கள்? சொத்தையான, காய்ந்துபோன, முறிந்து விழுந்த குலைகளைக் கொண்டு வந்து மாட்டினார்கள். வீட்டில் யாரும் தொடாத பழம் அது. அப்போதுதான் சூரா பகராவின் 267ஆவது வசனம் இறங்கியது என்று பராஉ (ரலி) அவர்கள் சொல்வதாக திர்மிதியில் இருக்கிறது. நீங்களே கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவீர்கள் என்ற நிலையில் உள்ள மட்டமான பொருளை அல்லாஹ்வின் பாதையில் கொடுக்க நாடாதீர்கள் என்பது அதன் கருத்து. அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் தம்மிடம் இருந்ததில் நல்லதைக் கொண்டு வந்தார்கள்.

சகோதரர்களே, கவனியுங்கள். அந்த மக்கள் கொடுக்காதவர்கள் அல்ல. கொடுத்தார்கள். எதைக் கொடுத்தார்கள் என்பதைத்தான் அல்லாஹ் கேட்டான்.

இந்தக் கேள்வியை நம் மஹல்லாவில் வைத்துப் பார்க்கிறேன். ஒரு சம்பவம். சம்பந்தப்பட்ட தம்பியிடம் அனுமதி கேட்டுத்தான் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் நம் மக்தபில் ஓதிய பிள்ளை ப்ளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்தார். கவுன்சிலிங்கில் இன்ஜினியரிங் சீட் கிடைத்தது. அத்தாவுக்கு கன்டெய்னர் லாரி ஓட்டும் வேலை. முதல் தவணை கட்டப் பணம் போதவில்லை. அஸர் தொழுதுவிட்டு என்னிடம் வந்து, "ஹஜ்ரத், ஜமாஅத்தில் ஏதாவது வழி இருக்குமா?" என்று கேட்டார். நிர்வாகத்தில் பேசுகிறேன் என்று சொன்னேன். அந்த மாதம் நாங்கள் எல்லோரும் பள்ளிக்கு ஏசி மாட்டும் வசூலில் இருந்தோம். கமிட்டி கூடியபோது கட்டணம் கட்டும் கடைசித் தேதி முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அந்தப் பிள்ளை மணலி பக்கம் ஒரு யார்டில் வேலைக்குப் போய்விட்டார். இப்போது என் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிற ஏசி அந்த வசூலில் வாங்கியதுதான். தவறு அந்தப் பிள்ளையுடையதும் அல்ல, அவர் அத்தாவுடையதும் அல்ல. முதல் தவறு என்னுடையது.

இந்த ஊரில் உழைப்புக்குப் பஞ்சமில்லை. விம்கோ நகர் என்ற பெயரே ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர். ஒருபுறம் எண்ணூர், மறுபுறம் ராயபுரம், நடுவில் திருவொற்றியூர்; தொழிற்சாலை, துறைமுகம், மீன்பிடித் துறைமுகம் என்று தலைமுறை தலைமுறையாக உழைத்தே வாழ்ந்தவர்கள் நாம். அதனாலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. பதினெட்டு வயதுப் பையனுக்கு மறுநாளே கூலி கிடைக்கும். பைக்கும் போனும் இருந்தால் டெலிவரி வேலை. கையில் காசு பார்த்துவிட்ட பிள்ளையைத் திரும்ப வகுப்பறைக்குக் கொண்டு வருவது எவ்வளவு கஷ்டம் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும். உழைப்பு இழிவு என்று நான் சொல்லவில்லை, அல்லாஹ் பாதுகாக்க வேண்டும். படிக்க விரும்பிய பிள்ளை பணமில்லாமல் அங்கே போவதைத்தான் சொல்கிறேன்.

நம் முன்னோர்கள் இப்படி இருக்கவில்லை. பெரம்பூரில் ஜமாலியா என்று ஒரு இடம் இருக்கிறது, பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். அங்கே ஜமாலியா அரபிக் கல்லூரியை நிறுவியவர் தோல் வியாபாரி ஜமால் முஹ்யித்தீன் ராவுத்தர். அவருடைய மகன் ஜமால் முஹம்மது சாஹிப். அவரும் தோல் வியாபாரிதான். 1931 இல் லண்டன் வட்டமேசை மாநாடு வரை போனவர். அவர் பணம் எங்கே போனது பாருங்கள்.

அக்காலத்தில் ஆங்கிலக் கல்லூரிகளில் படித்த முஸ்லிம் இளைஞர்களுக்கு தீனைப் பற்றித் தரமாகப் பேச ஆள் இல்லை. இந்தக் குறையைத் தீர்க்க சென்னையில் ஒரு சொற்பொழிவு வரிசை தொடங்கியது. அதன் புரவலர் ஜமால் முஹம்மது சாஹிப். 1925 இல் அல்லாமா செய்யித் சுலைமான் நத்வி அவர்களை வரவழைத்தார்கள். நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கையைப் பற்றி எட்டு உரைகள். 1927 இல் குர்ஆனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த மர்மடியூக் பிக்தால் வந்தார். 1929 ஜனவரியில் அல்லாமா இக்பால் வந்தார். நத்வி அவர்களின் உரைகள் "குத்பாத்தே மத்ராஸ்" என்ற நூலாகின. அரபிக் கல்லூரியில் ஓதிய காலத்தில் அதை வாசித்தபோது, அட்டையில் இருந்த மத்ராஸ் நம் மத்ராஸ்தானா என்று உஸ்தாதிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "ஆமாம்பா, உங்க ஊர்தான், தோல் வியாபாரி காசுதான்" என்றார். இக்பால் இங்கே பேசியவை உலகம் முழுவதும் இன்றும் பாடமாக இருக்கின்றன. 1951 இல் திருச்சியில் தொடங்கிய கல்லூரி ஜமால் முஹம்மது என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. அதில் அவருடன் சேர்த்து நினைக்கப்படுகிறவர் காஜாமியான் ராவுத்தர். நமக்குப் பக்கத்தில் ராயப்பேட்டையில் நியூ காலேஜும் அதே 1951 இல் சமுதாயத்தின் பணத்தில்தான் எழுந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை பேருவளையில் நளீம் ஹாஜியார் என்ற மாணிக்கக்கல் வியாபாரி 1973 இல் ஜாமிஆ நளீமிய்யாவை நிறுவினார். மார்க்கக் கல்வியும் பல்கலைக்கழகப் பட்டமும் ஒரே மாணவரிடம் சேர வேண்டும் என்பது அதன் நோக்கம். அங்கே படித்தவர்கள் இன்று அந்நாட்டில் ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், அதிகாரிகள்.

தோல் வியாபாரியும் கல் வியாபாரியும் மீந்துபோனதைக் கொடுக்கவில்லை. நல்ல குலையை மாட்டினார்கள்.

கொடுப்பதோடு முடியவில்லை. ஸுஃப்பாவில் படித்தவர்களை நபியவர்கள் திண்ணையிலேயே உட்கார வைத்திருக்கவில்லை. பசியில் வயிற்றில் கல்லைக் கட்டிக் கிடந்த அபூஹுரைரா (ரலி) அவர்கள் பின்னாளில் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் பஹ்ரைனுக்கு ஆளுநரானார்கள். அன்சாரி வாலிபர் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். அரை மாதத்தில் கற்றார்கள். அதே ஸைதிடம்தான் அபூபக்ர் (ரலி) அவர்கள் குர்ஆனை ஒன்று திரட்டும் பொறுப்பைக் கொடுத்தார்கள். நீ அறிவுள்ள வாலிபன் என்று சொல்லிக் கொடுத்தார்கள். உஸாமா (ரலி) அவர்கள் தளபதியானபோது வயது பதினெட்டு, இருபதுக்குள். அந்தப் படையில் மூத்த ஸஹாபாக்கள் இருந்தார்கள். சிலர் குறை பேசினார்கள். நபியவர்கள் மிம்பரில் ஏறி, இவர் இதற்குத் தகுதியானவரே என்று சொன்னார்கள்.

நம் பள்ளியில்? கந்தூரிக்கு இலை போடவும், பெருநாளன்று செருப்பைப் பார்த்துக்கொள்ளவும் இளைஞர்கள் வேண்டும். கணக்கு நோட்டை மட்டும் கொடுக்க மாட்டோம். பெரியவர்கள் கோபிக்க வேண்டாம், உங்கள் உழைப்பில்தான் இந்தப் பள்ளி நிற்கிறது. ஆனால் இருபது வயதில் ஒரு ரசீது புத்தகத்தைக்கூடத் தொடாதவன் நாற்பது வயதில் எப்படி ஜமாஅத்தை நடத்துவான்?

பணம் சம்பந்தமாக ஒரு மஸ்அலா. ஏழை மாணவருக்கு ஜகாத் கொடுக்கலாம். அவர் ஏழை என்பதே காரணம். அதை அவர் கையில் உரிமையாக்கிவிட வேண்டும். படிப்பு மையத்தின் வாடகை, ஆசிரியர் சம்பளம், மேசை நாற்காலி இவற்றுக்கு ஜகாத்தை எடுக்கக் கூடாது. அது ஸதகாவிலிருந்து வர வேண்டும். இரண்டையும் ஒரே உண்டியலில் போட்டுக் கலக்காதீர்கள். இன்னொன்று, உதவி வாங்கும் பிள்ளையை நிற்க வைத்து போட்டோ எடுத்து குரூப்பில் போடுவதை நிறுத்துவோம். தூணில் தொங்கிய குலையை யார் எடுத்தார் என்று மதீனாவில் யாரும் பார்க்கவில்லை. சொல்லிக்காட்டி நோகடித்தால் தர்மம் பாழாகும் என்பதும் அதே சூரா பகராவில்தான் இருக்கிறது.

அரசு தருவதையும் விட்டுவிடுகிறோம். தமிழ்நாட்டில் 2007 முதல் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. பிசிஎம் சான்றிதழ் கையில் இல்லாமல் கவுன்சிலிங் நேரத்தில் தாலுகா ஆபீஸுக்கு ஓடுகிற வீடுகள் எத்தனை! அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், ஆண்பிள்ளைகளுக்கு 2024 முதல் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் வருகிறது. மறுபக்கம், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான சிறுபான்மை மாணவர்களுக்கு ஒன்றிய அரசு கொடுத்து வந்த உதவித்தொகை 2022 இல் நிறுத்தப்பட்டது. அந்த இடைவெளியை மஹல்லாதான் நிரப்ப வேண்டும்.

ஆகவே நிர்வாகத்துடன் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். மாதம் 500 ரூபாய் தர நாற்பது பேர் வேண்டும். மாதம் 20,000, வருடத்திற்கு 2,40,000. ஒரு மாதம் கொடுத்து மறுமாதம் மறப்பவர்கள் வேண்டாம். ஒரு பிள்ளை கல்லூரியில் சேர்ந்து வெளியே வர மூன்று, நான்கு வருடம் ஆகும், அதுவரை கூட நிற்பவர்கள் வேண்டும். பணம் இல்லாதவர்கள் நேரம் கொடுங்கள். வேலைக்குப் போகும் தம்பிகள் வாரத்தில் இரண்டு நாள் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் மாடியில் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுங்கள். பத்ரில் பிடிபட்ட கைதிகளில் பணமில்லாதவர்களிடம் அன்சாரிப் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதையே மீட்புத்தொகையாக நபியவர்கள் வாங்கினார்கள்.

தொழுகை முடிந்ததும் மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை இருக்கும். இரண்டு நோட்டுகள். ஒன்றில் கொடுப்பவர்கள் எழுதலாம். மற்றொன்று படிப்புச் செலவுக்கு உதவி வேண்டும் பிள்ளைகளுக்கு. பெண்பிள்ளைகளுக்காகத் தாய்மார்கள் என் வீட்டம்மாவிடம் சொன்னால் போதும். அந்த இரண்டாவது நோட்டை நானோ கமிட்டியோ வைத்துக்கொள்ளப் போவதில்லை. இரண்டு இளைஞர்கள் பொறுப்பு. அவசரமாகக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தால், கமிட்டி கூடும் வரை காத்திருக்காமல் 10,000 ரூபாய் வரை அவர்களே கொடுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அந்த இருவரில் ஒருவர், நான் முதலில் சொன்ன யார்டுக்குப் போன தம்பி. பொறுப்பை ஏற்கச் சொன்னபோது அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "கடைசித் தேதியையும் நோட்டில் எழுத ஒரு கட்டம் போட்டுக்கலாமா ஹஜ்ரத்?" போட்டிருக்கிறோம்.