குளிரில் திணறும் சிறுசுடர்
ஒரு தீக்குச்சி காகிதத்தைப் பற்றவைக்கும்; விறகுக் கட்டையைப் பற்றவைக்காது. ஏன்? கட்டையைச் சூடேற்ற அவ்வெப்பம் போதாது. துப்பாக்கித் தோட்டாவிலும் இதே கதைதான்!

தோட்டாவின் பித்தளைக் கூட்டின் அடியில் 'பிரைமர்' என்னும் சிறு கிண்ணம் உண்டு. துப்பாக்கியின் ஊசி மோதியதும் அது சுடர் கக்கி, உள்ளிருக்கும் வெடிமருந்தைக் கொளுத்தும். பெரிய பிரைமரின் விட்டம் சுமார் 5.3 மி.மீ.; சிறியது 4.4 மி.மீ.

சிறிய பிரைமருக்கான கூட்டின் அடியில் பித்தளை மிகுதி. அதனால் உயர் அழுத்தம் தாங்கும். ஆனால் கடுங்குளிரில் மருந்தும் சில்லிட்டிருக்கும். மருந்தின் அளவும் அதிகமானால் சிறுசுடர் திணறும், வெடிப்பு தாமதமாகலாம். 'வெடிக்கவில்லை' என்று உடனே துப்பாக்கியைத் திறந்தால் பேராபத்து! குழலை இலக்கின் பக்கமே வைத்து, 30 விநாடியாவது காத்திருக்க வேண்டும்.

எனவேதான் பனிநாடுகளில், சுட்ட கூட்டில் மீண்டும் மருந்து நிரப்புவோர் பலர் பெரிய பிரைமர்க் கூட்டையே நாடுகின்றனர்.