ஃபைலைத் திறக்கும் முன்...

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பராமரிப்புக் கட்டணக் கணக்கை நான் எழுதிய ஒரு சின்னப் பைத்தான் நிரல்தான் பார்த்துக்கொள்கிறது. கூட்டல் கழித்தலில் அது இதுவரை என் மானத்தை வாங்கியதில்லை. வாங்கியதெல்லாம் ஃபைலைத் திறக்கிற இடத்திலும் மூடுகிற இடத்திலும்தான். பட்டுத் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன். வேறு மொழியில் நிரல் எழுதுகிறவர்களுக்கும் இவற்றில் பாதிக்கு மேல் பொருந்தும்.

1. 'டபிள்யூ' என்று போட்டு ஃபைலைத் திறந்தால், திறந்த நொடியிலேயே உள்ளே இருந்ததெல்லாம் போய்விடும். எழுத ஆரம்பித்தால்தான் அழியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதற்கு அடுத்த வரியில் ஒரு பெயரைத் தப்பாக அடித்திருந்ததால் நிரல் பாதியில் நின்றது. எட்டு மாத ரசீது இருந்த ஃபைல், பெயர் மட்டும் மிஞ்சி, 0 பைட் என்று காட்டியது. புதுப் பால் வருமுன்னே பழைய பாலைக் கொட்டிப் பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்தாயிற்று. வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த ரசீதுப் படங்களைப் பார்த்து மறுபடி அடிக்க இரண்டு இரவு பிடித்தது. கடைசியில் சேர்த்தால் போதும் என்றால் 'ஏ' போடுங்கள். புதிதாகத்தான் உருவாக வேண்டும் என்றால் 'எக்ஸ்'. அதே பெயரில் ஃபைல் ஏற்கெனவே இருந்தால் அது பிழை காட்டி நின்றுவிடும். பழையதில் கை வைக்காது.

2. முழு ஃபைலையும் மாற்றி எழுதத்தான் வேண்டுமா? அதே ஃபோல்டரில் வேறு பெயரில் எழுதி, மூடி, அதன் பிறகு 'ஓஎஸ் ரீப்ளேஸ்' கட்டளையால் பழைய பெயரைச் சூட்டுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் பழைய ஃபைல் அப்படியே இருக்கும். அதே ஃபோல்டர் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: வேறு டிரைவில் எழுதி வைத்தால் இந்தப் பெயர் மாற்றம் நடக்காது.

3. எப்போதும் 'வித்' போட்டே திறங்கள். வேலை முடிந்தாலும் பிழை வந்தாலும் ஃபைலை அதுவே மூடிவிடும். எழுதியது உடனே வட்டுக்குப் போவதில்லை, நினைவகத்தில் கொஞ்ச நேரம் தங்கும். மூடாமல் விட்டால் கடைசிச் சில வரிகள் காணாமல் போகக்கூடும்.

4. தமிழ் எழுதுகிறவர்கள் மறக்கவே கூடாதது இது: படிக்கும்போதும் எழுதும்போதும் யூடிஎஃப்-8 என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பல விண்டோஸ் கணினிகளில் பைத்தான் வேறொரு பழைய குறியேற்றத்தை எடுத்துக்கொள்ளும். அப்போது நிரல் பிழை காட்டி நிற்கும், இல்லையென்றால் திரையில் தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும், வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட வணிகக் குறியும் வரிசைகட்டி நிற்கும். அந்த ஜோடியைக் கண்டால் பதற வேண்டாம். உள்ளே தமிழ் பத்திரமாகத்தான் இருக்கிறது, படிக்கிற கண்ணாடிதான் தப்பு. ஆனால் அந்த நிலையில் திரும்பச் சேமித்துவிடாதீர்கள்.

இன்னொன்று. 'அம்மா' நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. யூனிகோடுக்கு அகரம், மகரம், புள்ளி, மகரம், கால் என்று ஐந்து குறி. யூடிஎஃப்-8இல் குறிக்கு மூன்று பைட் வீதம் 15 பைட். 'பெயருக்கு 20 பைட் போதும்' என்று வெட்டினால் எழுத்தின் வயிற்றிலேயே கத்தி விழும்.

5. தமிழ் உள்ள சிஎஸ்வி ஃபைலை எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறக்கப் போகிறார்கள் என்றால், 'யூடிஎஃப்-8-சிக்' என்று எழுதுங்கள். ஃபைலின் தலையில் மூன்று பைட் அடையாளம் விழும், எக்செல் அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளும். திரும்பப் படிக்கும்போதும் அதையே சொல்ல வேண்டும். இல்லையென்றால் முதல் தலைப்போடு கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொள்ளும். 'பெயர்' என்ற பத்தி கண்ணெதிரே இருக்க, இல்லவே இல்லை என்று நிரல் சாதிக்கும்.

6. சிஎஸ்விதானே, காற்புள்ளியில் வெட்டினால் போயிற்று என்று இறங்காதீர்கள். முகவரிக்குள்ளேயே நாலு காற்புள்ளி இருக்கும். பைத்தானோடு வரும் சிஎஸ்வி நூலகத்தைப் பயன்படுத்துங்கள். எழுதத் திறக்கும்போது 'நியூலைன்' என்பதற்கு வெற்று மேற்கோள் கொடுங்கள். விண்டோஸில் ஒன்றுவிட்டு ஒரு வரி காலியாக வருவது நின்றுவிடும்.

7. தொலைபேசி எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் எண்களே அல்ல, எழுத்துகள். யாரும் அவற்றைக் கூட்டப் போவதில்லை. எண்ணாகப் படித்தால் முன்னால் உள்ள பூஜ்யம் போகும். எக்செல் 15 இலக்கம் வரைதான் சரியாக வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் உள்ளவை பூஜ்யமாகிவிடும். தேதிபோலத் தெரிகிற பெயர்களையும் அது தேதியாக்கிவிடும். இந்தத் தொல்லை தாங்காமல்தான் 2020இல் மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு, 'மார்ச்1' என்ற மரபணுவை 'மார்ச்எஃப்1' என்று மாற்றியதாக அறிவித்தது. அப்போது எக்செல் தன்னை மாற்றிக்கொள்ளவில்லை, மரபணு மாற்றிக்கொண்டது!

8. எழுதி முடித்ததும் ஃபைலை மறுபடி திறந்து வரிசைகளை எண்ணுங்கள். உள்ளே போனது எத்தனை, வெளியே வந்தது எத்தனை? 2020 அக்டோபர் தொடக்கத்தில், இங்கிலாந்தில் ஏறக்குறைய 16,000 பேரின் கொரோனா தொற்று விவரம் அன்றாடக் கணக்கில் சேராமல் விடுபட்டிருந்தது தெரியவந்தது. ஆய்வகங்களிலிருந்து வந்த ஃபைல்களை எக்செலின் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்துக்கு மாற்றியிருந்தார்கள். அது 65,536 வரிசைக்கு மேல் கொள்ளாது. அந்த நோயாளிகளோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் அதனால் தாமதமானது. எண்ணிப் பார்க்க இரண்டு வரி நிரல் போதும்.

9. பெரிய ஃபைலை ஒரே மூச்சில் படிக்காதீர்கள். வரிவரியாகச் சுற்றில் விட்டால் பழைய லேப்டாப்பும் தாங்கும்.

10. தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்று எழுதுங்கள். 03/04 என்பது மார்ச்சா ஏப்ரலா என்ற வழக்கே வராது. ஃபைல் பெயரிலும் அப்படியே வைத்தால் தானாக வரிசையில் நிற்கும்.

11. விண்டோஸில் பாதை எழுதும்போது சாய்கோட்டைக் கவனியுங்கள். பின்சாய்கோட்டை அடுத்து ஆங்கில 'என்' வந்தால் பைத்தானுக்கு அது புது வரி என்று பொருள். 'நியூ' என்று ஆங்கிலத்தில் ஃபோல்டருக்குப் பெயர் வைத்துவிட்டு அதைத் தேடி அலைந்தவன் சொல்கிறேன். முன்சாய்கோடு போட்டாலே வேலை நடக்கும்.

12. ஜேசான் ஃபைலில் தமிழுக்குப் பதில் 'யூ0பி85' என்கிற மாதிரிக் குறிகளாக வருகிறதா? 'என்ஷ்யூர் ஆஸ்கி' என்பதை 'ஃபால்ஸ்' ஆக்குங்கள்.

13. இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுத ஆரம்பித்தால் சிஎஸ்வியை விட்டு எஸ்க்யூலைட்டுக்கு மாறுங்கள். பைத்தானோடேயே வருகிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம். நான் இன்னும் மாறவில்லை. எங்கள் பொருளாளர் கணக்கு ஃபைலை எக்செலில் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். இங்கே நிரல் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று அலறும். அந்தப் பிழையைக் கண்டால் நிரலில் கை வைக்காதீர்கள். முதலில் அவருக்குப் போன் போடுங்கள்.