சிஸ்பிளாட்டினும் சோடியக் குறைவும்

கேள்வி: சிஸ்பிளாட்டின் ஏற்றியபின் இரத்தத்தில் சோடியம் குறைந்தால், உணவில் உப்பைக் கூட்டினால் போதாதா?

பதில்: போதாது. பிளாட்டினம் அடங்கிய இப்புற்றுநோய் மருந்து, வடிந்த நீரிலிருந்து உப்பை மீட்கும் சிறுநீரக நுண்குழாய்களின் செல்களில் சேர்ந்து அவற்றைச் சிதைப்பதால், சோடியமும் மக்னீசியமும் சிறுநீரோடு வெளியேறுகின்றன. லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்கவேண்டிய சோடியம் இறங்கினால் குமட்டலும் குழப்பமும், மிகவும் இறங்கினால் வலிப்பும் வரும். அக்குமட்டலை மருந்தின் வழக்கமான தொல்லையென்று வீட்டார் ஒதுக்கிவிடுவதுதான் பெருங்கவலைக்குரியது. சிலருக்கு இதே மருந்து, சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோனை மிகுவித்து, உடலில் நீரைத் தேக்கிச் சோடியத்தை நீர்க்கச் செய்வதும் உண்டு. முதல்வகைக்குச் சலைன் ஏற்றவேண்டும், இரண்டாம் வகைக்குக் குடிநீரைக் குறைக்கவேண்டும். சிறுநீரில் சோடியம் இரண்டிலுமே மிகுந்திருப்பதால், நாக்கு வறண்டிருக்கிறதா, எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் சரிகிறதா என்பவற்றைக் கொண்டே மருத்துவர் வேறுபாட்டை அறிகிறார்.