கன்று வீச்சு நோய்த் தடுப்பூசி: கன்றைப் பிடிக்கும் கையும் பத்திரம்!



கே.கே. நகர், ஒத்தக்கடை, மேலூர் பக்கம் நம் குழுக்களில் மாட்டுக்கடன் வாங்கியவர்கள் பலர். ஏழு, எட்டு மாதச் சினையில் மாடு கன்றை வீசிவிட்டால் கன்றும் போச்சு, பாலும் குறையும். கடன் தவணை மட்டும் நிற்காது. இதற்கு ஒரு முக்கியக் காரணம் புருசெல்லா என்ற கிருமி. இது மனிதருக்கும் தொற்றும். விட்டு விட்டுக் காய்ச்சல், வியர்வை, மூட்டுவலி வரும்.

இந்த ஊசியில் என்ன இருக்கிறது?

கோமாரி ஊசியில் இருப்பது செயலிழந்த கிருமி. 'எஸ்-19' என்ற இந்த ஊசியில் இருப்பதோ வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி. கன்றுக்கு அது காப்பு. நம் உடம்பில் புகுந்தால் நோய்.

யாருக்குப் போடலாம்?

4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுக்கு, பசுவானாலும் எருமையானாலும், ஆயுளில் ஒரே முறை. 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் இது இலவசம். "இலவசம்தானே, சினை மாட்டுக்கும் ஒண்ணு போடுங்க" என்று கேட்காதீர்கள். சினை மாட்டுக்குப் போட்டால் கன்று வீசலாம். காளைக்கன்றுக்குப் போட்டால் விதை வீங்கலாம். ஆகவே வயதைக் கூட்டிக் குறைத்துச் சொல்ல வேண்டாம்.

ஊசி போடும் நாளில்

1. கால்நடை மருத்துவத் துறையினர்தான் போட வேண்டும். மருந்தை வாங்கி நாமே போடக் கூடாது.
2. கன்றைப் பிடிப்பவர் கையுறை, முகக்கவசம், கண்ணாடி கேட்டு வாங்கிப் போடுங்கள். கன்று துள்ளினால் ஊசி நம் கையில்தான் குத்தும்.
3. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் பக்கத்தில் வரக் கூடாது.
4. மருந்து ஐஸ் பெட்டியில் இருக்க வேண்டும். வெயில் பட்டால் கிருமி செத்து, ஊசி பலன் தராது.
5. காலிக் குப்பியை அவர்களே எடுத்துப் போகட்டும்.
6. காதுவில்லை எண்ணையும் தேதியையும் குறித்து வையுங்கள்.

கையில் குத்திவிட்டால், கண்ணில் தெறித்துவிட்டால்?

கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். கண்ணில் தண்ணீர் விட்டு அலசுங்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், "புருசெல்லா உயிர்த் தடுப்பூசி பட்டுவிட்டது" என்று சொல்லுங்கள். காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மாடு கன்றை வீசினால் வெறுங்கையால் தொடாதீர்கள். இளங்கொடியை ஆலமரத்தில் கட்டாமல், சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். 1962-க்குப் போன் செய்யுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில்

யார் வீட்டில் எத்தனை மாதக் கிடேரி இருக்கிறது? பட்டியல் எழுதி, நாமே கால்நடை மருந்தகத்தில் கொடுப்போம். எட்டு மாதம் தாண்டிவிட்டால் வாய்ப்புப் போய்விடும்.