நெசவோடு வந்த இரண்டு சமூகங்கள்: மதுரையும் காஞ்சியும்

நம் ஊர்க் கடைத் திண்ணைகளில் ஒரு பேச்சு அடிக்கடி அடிபடுகிறது. "மதுரை சௌராஷ்டிரக்காரர்களைப் பாருங்கள், தறியில் உட்கார்ந்தவர்கள் இன்றைக்கு ஜவுளிக்கடை முதலாளி, டாக்டர், ஆடிட்டர் என்று எங்கேயோ போய்விட்டார்கள். நம் ஊர்த் தறிக்காரர் இன்னும் தறிக்குழியிலேயே இருக்கிறார். அதெல்லாம் ரத்தத்தில் இருக்க வேண்டும்" என்று. பட்டு மொத்த வியாபாரத்தில் நாற்பது ஆண்டுக்கு மேல் இருக்கிற நானும் இதை ஒரு காலத்தில் சொன்னவன்தான். சரக்கு வாங்கவும் விற்கவும் மதுரை, கும்பகோணம், ஆரணி, சோலாப்பூர் என்று போய்வந்த பிறகு அந்தப் பேச்சில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஏன் என்பதை நம் உறுப்பினர்களுக்குக் கணக்குக் காட்டுவதுபோல் எடுத்துவைக்கிறேன்.

வடக்கிலிருந்து வந்தவர்கள்

இரண்டு சமூகத்தாருமே வெளியிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள். சௌராஷ்டிரர்களுக்குப் பட்டுநூல்காரர் என்று இன்னொரு பெயர் உண்டு. குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து தேவகிரி, பிறகு விஜயநகரம், கடைசியில் நாயக்கர் காலத்து மதுரை என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் பாதை. அவர்கள் வீட்டில் பேசும் மொழியே அதற்குச் சாட்சி. அடிப்படை வடநாட்டு மொழி. அதன்மேல் மராத்தி, கன்னட, தெலுங்குச் சொற்கள் படிந்திருக்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 2.47 லட்சம் பேர் இதைத் தாய்மொழி என்று எழுதிக்கொடுத்தார்கள்.

மத்தியப் பிரதேசத்து மந்தசோரில் ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கிறது. தென் குஜராத்தான லாட நாட்டிலிருந்து தசபுரத்துக்குக் குடிபெயர்ந்த பட்டு நெசவாளர்கள் அங்கே சூரியன் கோயில் ஒன்றைக் கட்டியதையும், கி.பி. 473இல் அதைப் புதுப்பித்ததையும் அது சொல்கிறது. அந்த நெசவாளர்களே மதுரையாரின் முன்னோர் என்று சிலர் சொல்வதுண்டு. அதைவிட எனக்கு வியப்பாக இருந்தது வேறொரு செய்தி. புது ஊருக்கு வந்த பிறகு சிலர் வில்வித்தைக்கும், சிலர் கதை சொல்வதற்கும், சிலர் சோதிடத்துக்கும் போனார்கள், மற்றவர்கள் நெசவிலேயே நின்றார்கள் என்று அந்தக் கல்வெட்டு சொல்கிறது. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முன்பே தறியை விட்டுப் போனவரும் உண்டு, தறியில் நின்றவரும் உண்டு!

காஞ்சிக்கு வந்த பத்மசாலியரும் தேவாங்கரும் தெலுங்கு, கன்னட நாட்டிலிருந்து விஜயநகர ஆட்சியை ஒட்டி வந்தவர்கள் என்பது வழக்கு. முன்னவருக்கு மார்க்கண்டேயர், பின்னவருக்குச் சௌடேஸ்வரி அம்மன். வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோ பேசினாலும் கடைக்கு வந்தால் நம்மைவிட நல்ல தமிழ் பேசுவார்கள். இங்கே அவர்களுக்கு முன்பே செங்குந்தர் தறி இருந்தது. அதனால் வந்தவர்களும் இருந்தவர்களும் ஒரே தொழிலில் பக்கத்துப் பக்கத்துத் தெருக்காரர்கள் ஆனார்கள். அரசுப் பட்டியலில் இன்று இவர்கள் எல்லோரும், மதுரை சௌராஷ்டிரரும் சேர்த்து, பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்தான்.

மதுரையில் நடந்தது

மதுரையில் அவர்கள் திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிக் குடியேறினார்கள். ஒன்றாக ஒரே இடத்தில் இருந்தது முதல் சாதகம். ராணி மங்கம்மாள் காலத்தில் ஆவணி அவிட்டம் செய்யும் உரிமை பற்றித் தகராறு வந்தபோது சமூகமாகச் சேர்ந்து வழக்காடி, பண்டிதர் சபையில் தங்கள் பக்கம் தீர்ப்பு வாங்கினார்கள். சடங்குச் சண்டைதானே என்று தள்ளிவிடக் கூடாது. வழக்காடவும் செலவுக்குப் பணம் திரட்டவும் பழகிய கூட்டம் அது. அந்தப் பழக்கமே 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சௌராஷ்டிர சபையாகவும் பள்ளிக்கூடமாகவும் உருவெடுத்தது. விருதுநகர் நாடார்கள் மகமை வசூலித்து 1889இல் க்ஷத்திரிய வித்யாசாலாவைத் தொடங்கியதை நம் வணிகர்கள் அறிவார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் மதுரையில் நெசவாளர் சமூகம் ஒன்று அதே வேலையைச் செய்தது.

அடுத்தது சாயம். சாயவேரை இடித்துத் துணிக்குச் சிவப்பு ஏற்றிய காலம் போய் ஜெர்மன் ரசாயனச் சாயம் வந்தபோது, அதை முதலில் கையில் எடுத்தவர்களில் மதுரை சௌராஷ்டிரர்கள் முக்கியமானவர்கள். 1890களில் ஹார்வி சகோதரர்களின் ஆலை மதுரையிலேயே நூல் நூற்கத் தொடங்கியது. நூல் பக்கத்தில், சாயம் கையில், சந்தை எதிரில். தறியை விட்டு ஒரு படி ஏறினால் சாயப்பட்டறை, இன்னொரு படி ஏறினால் நூல் கடை, அதற்கும் மேலே ஜவுளி மொத்த வியாபாரம். தறிக்காரர் மகன் ஏறுவதற்குப் படிகள் இருந்தன. 2005இல் புவிசார் குறியீடு பெற்ற சுங்குடிச் சேலையும் நெசவைவிடச் சாயத்தாலும் முடிச்சாலும் பெயர் வாங்கிய சரக்கே.

பொதுவாழ்வுக்கும் இந்த வழியாகத்தான் வந்தார்கள். 'மதுரை காந்தி' என்று பெயர் பெற்ற என்.எம்.ஆர். சுப்பராமன் அந்தச் சமூகத்தவர். 1939இல் மீனாட்சியம்மன் கோயில் நுழைவில் வைத்தியநாத ஐயரோடு துணை நின்றவர். பாடகர் டி.எம். சௌந்தரராஜனும் அதே சமூகத்தில் 1922இல் மதுரையில் பிறந்தவர்.

ஆனால் மதுரையில் எல்லோரும் மாடிவீட்டுக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். சுங்குடிக்கு அச்சடித்த போலி வந்த பிறகு முடிச்சுக் கூலியை நம்பியிருந்த குடும்பங்கள் பட்ட பாட்டை அங்கே போய் விசாரித்தால் தெரியும். கடைக்குச் சொந்தக்காரரும் அதே கடையில் கணக்கெழுதும் ஏழைச் சொந்தக்காரரும் ஒரே கோயிலில் கும்பிடுகிறவர்கள்.

காஞ்சியில் நடந்தது

நம் ஊர்க் கதை வேறு. இங்கே தறியே தங்கமாக இருந்தது. கோர்வைச் சேலைக்கு ஈடான சரக்கு எந்த ஊரிலும் இல்லாதபோது நல்ல நெசவாளி ஏன் தறியை விட்டு இறங்க வேண்டும்? கச்சாப் பட்டு கர்நாடகத்திலிருந்து வந்தது. ஜரிகை சூரத்திலிருந்து வந்தது. (குஜராத்தை விட்டு நெசவாளர் வந்துவிட்டார்கள், ஜரிகை மட்டும் இன்னும் அங்கிருந்து வருகிறது என்று ஒரு மதுரை நண்பர் சிரிப்பார். 1971இல் தமிழ்நாடு ஜரிகை ஆலை நம் ஊரில் வந்த பிறகும் சூரத்தை நாம் விட்டுவிடவில்லை.) பட்டும் ஜரிகையும் விலை அதிகம். அந்த முதல் போட எந்தத் தறிக்காரர் வீட்டிலும் பணம் இல்லை. ஆகவே முதல் போட்டவர் முதலாளி, நெய்தவர் கூலிக்காரர். மதுரையில் இருந்த நடுப்படிகளில் இங்கே வேறு ஆட்கள் உட்கார்ந்திருந்தோம். அதாவது நாம்.

இதில் முன்பணத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது நேர்மையாகாது. கல்யாணம், மருத்துவம், வீட்டுக் கூரை என்று தறிக்காரர் கேட்பார், முதலாளி கொடுப்பார். வட்டி கிடையாது; ஆனால் கடன் தீரும்வரை வேறு இடத்துக்கு நெய்யக் கூடாது. கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிப்போம், அடுத்த கல்யாணத்துக்கு மறுபடி கொடுப்போம். எங்கள் கடைப் பேரேட்டில் அப்பா பெயரில் தொடங்கி மகன் பெயருக்கு மாற்றி எழுதிய பக்கங்கள் உண்டு. அப்போது அது எனக்கு உதவியாகவே தெரிந்தது. வாங்கியவர்களில் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

கோர்வைத் தறியில் இன்னொரு சிக்கலும் இருந்தது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். நெசவாளி ஒருவர் போதாது. ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ள இன்னொருவர் உட்கார வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் அந்த வீட்டுப் பையன், இல்லையென்றால் அடுத்த தெருப் பையன். தறி ஓட வேண்டுமென்றால் பையன் பள்ளிக்குப் போக முடியாது. பத்மசாலியர் வீடானாலும் செங்குந்தர் வீடானாலும் இதே நிலைதான். 1986 சட்டம் வந்தும் நடைமுறை உடனே மாறவில்லை. 1990களின் பிற்பகுதியில் மாவட்ட நிர்வாகமும் யுனிசெப் அமைப்பும் சேர்ந்து பிள்ளைகளைத் தறியிலிருந்து பள்ளிக்கு அனுப்பும் வேலையைத் தொடங்கிய பிறகே மாறத் தொடங்கியது. மதுரையில் ஒரு தலைமுறை பள்ளிக்குப் போய்ப் பல பத்தாண்டுகள் கழித்து இங்கே ஒரு தலைமுறை போனது. வித்தியாசத்துக்கு ரத்தத்தில் காரணம் தேட வேண்டியதில்லை.

கூட்டுறவுச் சங்கங்களை இதில் விட்டுவிடக் கூடாது. காஞ்சியின் பட்டுச் சங்கங்கள் கூலியையும் போனஸையும் ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்தன. அதனால் தனியார் கூலியும் உயர்ந்தது. எங்களுக்கு அப்போது கசந்தது, இப்போது நியாயமாகப் படுகிறது.

ஒரே சமூகம், வேறு ஊர்

ரத்தம் என்கிற பேச்சு எங்கே அடிபடுகிறது என்றால், அதே சமூகத்தை வேறு ஊரில் பார்க்கும்போது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருபுவனம். அங்கே சௌராஷ்டிரர்கள் இன்றும் பட்டுத் தறியில் உட்கார்ந்திருக்கிறார்கள். நமக்கு அருகில் ஆரணியிலும் அப்படியே. பரமக்குடி, எமனேசுவரத்தில் அவர்கள் கைத்தறிப் பருத்தியோடு நின்றார்கள். மதுரையாரின் அதே மொழி, அதே கோத்திரம். ஆனால் அங்கே கிடைத்தது தறி வேலை; மேலே ஏறும் நடுப்படிகள் குறைவு.

இன்னொரு பக்கம் சோலாப்பூர். 19ஆம் நூற்றாண்டிலிருந்து தெலுங்கானாப் பத்மசாலியர் பிழைப்புத் தேடிப் போன ஊர் அது. கைத்தறியோடு போனவர்கள் அங்கே விசைத்தறி வாங்கினார்கள், போர்வையும் துண்டும் நெய்தார்கள், ஆலை முதலாளி ஆனார்கள். சோலாப்பூர் சத்தர் என்று இந்தியா முழுக்கப் போகும் போர்வையின் பின்னால் இருப்பவர்களில் பெரும்பகுதி அவர்கள். காஞ்சியில் கூலிக்கு நெய்யும் பத்மசாலியரும் சோலாப்பூரில் கூலி கொடுக்கும் பத்மசாலியரும் ஒரே மார்க்கண்டேயரைக் கும்பிடுகிறார்கள். பருத்தி விசைத்தறிக்கு முதல் குறைவு, ஒரு தறி இரண்டாகும், இரண்டு நான்காகும். ஜரிகைப் பட்டில் அது நடப்பதில்லை.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 1685இல் பிரெஞ்சு மன்னர் மத உரிமையைப் பறித்தபோது ஹ்யூகனாட் நெசவாளர்கள் லண்டனுக்கு ஓடிவந்து ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் என்ற பகுதியில் பட்டு நெய்தார்கள். 1773இல் அவர்களுக்குக் கூலிச் சட்டமே வந்தது; 1824இல் அதை எடுத்துவிட்டார்கள். 1860இல் பிரெஞ்சுப் பட்டுக்கு வரி நீங்கியதும் அங்கே தறி நொடித்துப்போனது. அதே ஹ்யூகனாட் வம்சத்துக் கோர்ட்டால்ட் குடும்பம் லண்டனை விட்டு வெளியே ஆலை வைத்து, 1904இல் விஸ்கோஸ் உரிமையை வாங்கி, உலகத்துக்கே செயற்கைப் பட்டு விற்றது. நாம் 'ஆர்ட் சில்க்' என்று பில்லில் எழுதுவது அந்த வழியில் வந்த சரக்குதான்.

நமக்கு இதில் என்ன

தறியை விட்டுப் போனவர் உயர்ந்தார் என்று கைதட்டுகிறோம். நம் கடை ஓடுவதோ தறியை விடாதவரை நம்பி. அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில் நெசவும் சார்ந்த வேலையும் செய்பவர்கள் 1995இல் சுமார் 65 லட்சம், 2009-10இல் 43 லட்சம், 2019-20இல் 35 லட்சம். பிள்ளையார்பாளையத்தில் பாவு நீட்டிய தெருக்களில் இன்று பைக்குகள் நிற்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்குப் பஸ் ஏறுகிறார்கள். போகாதே என்று சொல்ல நமக்கு வாய் ஏது? நம் பிள்ளைகளை நாம் தறியில் உட்காரவைக்கவில்லையே.

எங்கள் கடைக்கு நெய்யும் பதினொரு தறிகளில் நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் பத்மசாலியர், பட்டப்படிப்பு படித்தவர். ஓராண்டு ஆலையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "ஐயா, முன்பணம் வேண்டாம். கூலியைச் சேலைக்குச் சேலை வங்கியில் போட்டுவிடுங்கள். புது டிசைன் நான் போட்டால் அதற்குத் தனியாகப் பேசுவோம்" என்றார். இப்படி ஒரு பேச்சை எந்தத் தறிக்காரரும் என்னிடம் பேசியதில்லை. மறுநாள் யோசித்துவிட்டுச் சரி என்றேன். டிசைனுக்கு எவ்வளவு என்பதில் எங்களுக்குள் இன்னும் பேரம் முடியவில்லை. மற்றப் பத்துத் தறிக்காரர்களின் முன்பணப் பாக்கியைப் பேரேட்டிலிருந்து எப்படிக் கழிப்பது என்று என் மகனும் நானும் இந்த ஆடி மாதம் முழுக்கக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.