ஒட்டசேகரமங்கலம் என்றோர் ஊர் இல்லை

தாத்தாவின் ஞானஸ்நானச் சான்று ஆங்கிலத்தில் இருக்கிறது. சென்னையிலோ சிங்கப்பூரிலோ வளர்ந்த பேரன் அதிலுள்ள ஊர்ப்பெயரை ‘ஒட்டசேகரமங்கலம்’ என்று வாசிக்கிறான். அந்தப் பெயரில் ஊரைத் தேடினால் கிடைக்காது. கேரளத்தின் தென்கோடியில், பாறசாலைக்கு வடக்கே இருப்பது ஒற்றசேகரமங்கலம். பிழை பேரனுடையது அல்ல, இரட்டை ‘டி’ எழுத்துடையது.

நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஊர்ப்பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ‘ட்ட’வும் ‘ற்ற’வும் ஒரே இரட்டை ‘டி’யாகிவிடுகின்றன. நெய்யாற்றின்கரை, ஆற்றிங்கல், ஒற்றசேகரமங்கலம் ஆகியவற்றில் இருப்பது ‘ற்ற’. அடுத்திருக்கும் காட்டாக்கடையில் இருப்பதோ ‘ட்ட’. எது எங்கே என்று சொல்ல விதி கிடையாது. ஒவ்வொரு பெயரையும் தனித்தனியே தெரிந்துகொள்ள வேண்டியதுதான். தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் பேச்சில் ‘ஆற்றங்கரை’ ‘ஆத்தங்கரை’யாகிவிட்டது. மலையாளத்திலும் குமரி மாவட்டத் தமிழிலும் ‘ற்ற’ இன்றும் நுனிநாக்கில் அப்படியே நிற்கிறது. அந்த ஒலியைக் கேட்டுப் பழகாத காதுக்கு ‘நெய்யாட்டின்கரை’ என்பதில் தவறு எதுவும் தெரியாது.

நம்பிக்கை: பழைய பதிவேட்டில் உள்ள எழுத்துக்கூட்டுதான் அசல் பெயர். வரைபடத்தில் அது இல்லையென்றால் ஊரே அழிந்துவிட்டது.

உண்மை: ஊர் அங்கேயேதான் இருக்கிறது. லண்டன் மிஷனரி சங்கத்தின் 19ஆம் நூற்றாண்டு அறிக்கைகளில் ‘பரேய்சலேய்’ என்று வாசிக்கத் தோன்றும் ஒரு மிஷன் நிலையம் அடிக்கடி வரும். ஜான் ஆப்ஸ் என்ற மிஷனரி ஊழியம் செய்த இடம் அது. தம் 22 ஆண்டு திருவிதாங்கூர் அனுபவங்களை அவர் 1870இல் புத்தகமாக்கினார். இன்றைய வரைபடத்தில் இந்தப் பெயரைத் தேடிக் களைத்தவர்கள் அதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் போதும். ‘ஈ, ஒய்’ என்று முடிவது தமிழ் ஐகாரம். காதில் விழுந்த பாறைச்சாலையைத்தான் அந்தத் துரைமார் அப்படி எழுதினார்கள். இன்று ரயில் நிலையத்தில் ஆங்கிலப் பலகை காட்டுவது மலையாள வழியில் வந்த ‘பாறஶ்ஶால’. தமிழர் எழுதுவது பாறசாலை. ஊர் ஒன்று, உருவம் மூன்று.

இந்த ஐகாரம் எல்லைப்புறத் தேடலுக்கு நல்ல சாவி. தமிழில் கரை, விளை, சாலை என்று முடிபவை மலையாளத்தில் கர, விள, சால என்று நிற்கும். ஆங்கிலத்தில் ‘விலா’ என்று படிக்கத் தோன்றும் முடிவு, மாளிகையையோ விலைவாசியையோ குறிப்பதில்லை. அது விளை, அதாவது கரைநிலத்துத் தோட்டம். களியக்காவிளை, அமரவிளை, பெருங்கடவிளை எல்லாம் அந்த வகை. ல, ள, ழ மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தைப் போட்டுவிடுகிறவர்கள் இருப்பதால் இங்கே கவனம் கூடுதலாக வேண்டும்.

போர்த்துக்கீசியர் தொட்ட ஊர்களின் கதை வேறு. அவர்கள் எழுத்தில் தூத்துக்குடி ‘டுடுகுரிம்’ ஆகிறது, குமரி ‘கொமொரிம்’ ஆகிறது. கடைசி ‘எம்’ வெறும் மூக்கொலி. அதைப் பிடித்துக்கொண்டு ‘மங்கலம்’, ‘புரம்’ என்று ஊகிக்கக் கூடாது. யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறை ஆங்கிலத்தில் ‘கேய்ட்ஸ்’. அங்கே தமிழ் ஒலியைத் தேடவே முடியாது. அது துறைமேடையைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது.

நம்பிக்கை: பதிவு தமிழில் இருந்தால், முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து குடியேறியவர்கள்.

உண்மை: தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான எல்லைக்கோட்டின் வயது ஏறக்குறைய எழுபதுதான். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதற்கு முன் எல்லாமே திருவிதாங்கூர், 1949க்குப் பின் திருவிதாங்கூர்-கொச்சி. 1806இல் லண்டன் மிஷனரி சங்கத்தின் ரிங்கல்தௌபே மயிலாடியை மையமாக்கித் தொடங்கிய பணி, நாகர்கோவில், நெய்யூர் வழியாக வடக்கே வந்தது. உபதேசியாரோடு தமிழும் வந்தது. பதிவேட்டின் மொழி எழுதியவரின் மொழியைக் காட்டும். குடும்பம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

ஓலை ஏட்டில் எழுதிப் பழகிய கை என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. அதில் புள்ளி இருக்காது, ரகரமும் காலும் ஒன்றுபோல இருக்கும், எகர ஏகார வேறுபாடும் தெரியாது. இப்படி எழுதிய பெயரைப் பிரிக்க, அதே பக்கத்தில் அதே கையால் எழுதிய தெரிந்த ஊர் ஒன்றை வைத்து ஒப்பிடுவதே வழி.

நம்பிக்கை: பெயருக்கு எதிரே உள்ள ஊர்தான் பிறந்த ஊர்.

உண்மை: அது குடியிருந்த ஊராகவோ, சபை கூடிய ஊராகவோ, வெறும் மிஷன் வட்டாரமாகவோ இருக்கலாம். வீட்டுப்பெயரும் ஊர்ப்பெயர் போலவே வேடம் போடும். ‘புத்தன்வீடு’ என்பது புதிதாகக் கட்டிய எந்த வீட்டுக்கும் பொருந்தும். ஹெப்சிபா ஜேசுதாசன் 1964இல் தம் நாவலுக்கு ‘புத்தம் வீடு’ என்று பெயர் வைத்தபோது, இந்தப் பக்கத்து வாசகர்களுக்கு அது அடுத்த தெரு வீட்டின் பெயராகவே பட்டிருக்கும்.

நம்பிக்கை: குடும்ப ஆதாரத்தில், அதாவது சொத்துப் பத்திரத்தில், ‘1030’ என்றிருப்பது எழுத்தர் பிழை.

உண்மை: அது கொல்லம் ஆண்டு. ஆவணியில் பிறக்கும் அந்த ஆண்டோடு, ஆவணி முதல் டிசம்பர் வரை 824ஐயும், ஜனவரி முதல் ஆடி வரை 825ஐயும் கூட்ட வேண்டும். 1030 தை என்றால் 1855ஆம் ஆண்டு. ஆதாரத்தின் தேதியை இப்படி மாற்றிக்கொண்ட பிறகுதான் சபைப் பதிவேட்டோடு ஒப்பிட முடியும். ஆதாரத்தில் வரும் ‘பகுதி’ என்ற சொல்லுக்கு அந்நாளில் வருவாய்க் கிராமம் என்று பொருள். ‘ஊரின் ஒரு பாகம்’ என்று எடுத்துக்கொண்டால் தேடல் திசைமாறும்.

இன்றைய தாலுகாப் பட்டியலையும் நம்பிவிட முடியாது. பழைய ஆவணங்களில் நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் இருக்கும் ஒற்றசேகரமங்கலம், 2014இல் உருவான காட்டாக்கடைத் தாலுகாவில் இப்போது இருக்கிறது.

லண்டன் மிஷனரி சங்கத்தின் தாள்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் நூலகத்தில் இருக்கின்றன. ஆனால் அவ்வளவு தூரம் போவதற்கு முன், பாறசாலைக்கோ நெய்யூருக்கோ பதிவேடு பார்க்கக் கிளம்புகிறவர்கள் வீட்டின் மூத்த அத்தையையோ பெரியம்மாவையோ கூடவே அழைத்துப் போகட்டும். ஊர்ப்பெயரை அவர்கள் சொன்னால் ‘ற்ற’ தானாக வந்துவிடும்.