நிழற்படமும் நீர்க்குறியும்: கள்ளாமை நோக்கில் ஓர் ஆய்வு

இல்லறத்தார்க்கு விதிக்கப்பெற்ற ஐந்து அணுவிரதங்களுள் மூன்றாவது கள்ளாமை. அசௌரியம், அஸ்தேயம் என்றும் இதனைக் கூறுவர். உடையவர் கொடாததைக் கொள்ளுதலே களவு என்பது உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் காட்டும் இலக்கணத்தின் கருத்தாகும். பொன், நெல், நிலம் ஆகியவற்றைப் பொறுத்தவரை இவ்விலக்கணத்தில் ஐயம் எழுவதில்லை. ஒருவரிடமிருந்து எடுத்தால் அவரிடம் குறையும். ஆனால் இணையத்தில் பகிரப்படும் நிழற்படத்தின் நிலை வேறு. ஆயிரம் பேர் எடுத்துக்கொண்டாலும் படம் பிடித்தவரிடம் உள்ள படம் அப்படியே இருக்கும். குறையாத பொருளைக் கேளாமல் கொள்வதும் களவாகுமா? அதனைத் தடுக்கப் படத்தின்மேல் தம் பெயரைப் பொறித்து வைப்பது முறையா? நம் ஜினாலயங்களையும் குகைப்பள்ளிகளையும் படம் பிடித்துப் பகிரும் இளைஞர்கள் பெருகிவரும் இந்நாளில் இவ்வினாக்களை ஆராய்தல் நலம்.

நீர்க்குறி என்பது யாது?

ஆங்கிலத்தில் வாட்டர்மார்க் எனப்படுவதையே நீர்க்குறி என்கிறோம். 13ஆம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டின் ஃபாப்ரியானோ நகரத்துக் காகிதப் பட்டறைகளில் இம்முறை வழங்கியது. காகிதக் கூழ் படியும் சட்டத்தில் கம்பியால் ஓர் உருவத்தை அமைப்பர். அவ்விடத்தில் காகிதம் சற்று மெலிந்திருக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் குறி தெரியும். எழுதுவதற்கும் படிப்பதற்கும் அது தடையாவதில்லை. இன்று நிழற்படத்தின்மேல் மங்கலாகவோ அழுத்தமாகவோ பொறிக்கப்படும் பெயரும் அப்பெயரையே பெற்றது. ஆயினும் பழைய குறியின் அடக்கம் இதில் பல வேளைகளில் இருப்பதில்லை.

முன்னோர் பெயர் பொறித்த முறை

கழுகுமலைப் பாறையில் கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளில் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருமேனிகள் வரிசையாக விளங்குகின்றன. அவற்றின் அடியில் வட்டெழுத்தில் சிறு கல்வெட்டுகள் உள்ளன. இன்ன ஊரினர் இன்னார் செய்வித்தது என்பதே பெரும்பாலும் அவற்றின் செய்தி. துறவியரும், குரத்தியரும், இல்லறத்தாரும் அவற்றில் இடம்பெறுகின்றனர். அவர்தம் பெயர் திருமேனியின் கீழே நிற்கின்றது, திருமேனிமேல் ஏறவில்லை. சித்தன்னவாசல் குகைப்பள்ளியைப் புதுப்பித்த மதுரை ஆசிரியர் இளங்கௌதமரின் பணியைக் கூறும் 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டும் குகைக்கு வெளியே பாறையில்தான் உள்ளது. உள்ளிருக்கும் தாமரைத் தடாக ஓவியத்தின்மேல் எவர் பெயரும் எழுதப்படவில்லை. ஏடு எழுதிய பெருமக்களும் நூல் முடிந்த இடத்தில்தான் தம் பெயரையும் எழுதி முடித்த நாளையும் குறித்தனர்.

இதனால் இரண்டு உண்மைகள் பெறப்படும். செய்தவர் பெயரைக் குறிப்பது நம் மரபுக்கு அயலானதன்று. அப்பெயர் நிற்க வேண்டிய இடமும் நம் மரபில் வரையறுக்கப்பட்டுள்ளது.

சட்டம் கூறுவது

1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி நிழற்படமும் ஒரு கலைப்படைப்பே. உரிமை பெறுவதற்குப் பதிவோ நீர்க்குறியோ தேவையில்லை. படம் பிடித்த அளவிலேயே உரிமை தோன்றிவிடுகிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப்பின் அவ்வுரிமை படைத்தவர் வாழ்நாள் முழுவதும், அவர் மறைவிற்குப்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். பழஞ்சிற்பத்திற்கு இன்று பதிப்புரிமை இல்லை. அதனைக் காட்டும் படத்திற்கு உண்டு. உரிமைக் குறிப்புகளை அறிந்தே அனுமதியின்றி அகற்றுவதை அத்திருத்தம் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

மற்றொன்றும் அறியத்தக்கது. திருமணம் போன்றவற்றிற்குக் கூலி கொடுத்து ஒருவரைக் கொண்டு படம் எடுப்பித்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அப்படத்தின் முதல் உரிமையாளர் எடுப்பித்தவரே. எனவே குடும்பத்தார் இசைவின்றி அப்படங்களில் தம் நிலையப் பெயரைப் பொறித்து விளம்பரமாகப் பரப்புவது படக்கலைஞர்க்குத் தகாது.

பெயர் பொறிப்போர் சிந்திக்க

படத் தொழிலால் வாழ்பவர் விலைக்கு முன் காட்டும் மாதிரிப் படத்தில் குறியிடுவது குற்றமன்று. உழைப்பிற்குரிய ஊதியத்தைக் காத்துக்கொள்ளும் செயல் அது. ஆனால் பகவானின் திருமார்பின் குறுக்கே ஒருவர் பெயரும் தொலைபேசி எண்ணும் நிற்கும் படத்தை வணங்குவது எங்ஙனம்? கல்வெட்டுப் படத்தில் எழுத்துகளின்மேல் குறி விழுந்தால் ஆராய்வோர்க்கு அப்படம் பயன்படாது. மழையாலும் மனிதராலும் சிதையும் கல்வெட்டிற்குப் பின்னாளில் அப்படமே சான்றாக நிற்க நேரலாம். அந்நாளில் மறைந்த எழுத்தை மீட்பவர் யார்?

குறியின் வலிமையும் சிறிதே. ஓரத்தில் இருந்தால் வெட்டிவிடலாம். பல படங்களில் ஒரே குறி ஒரே வகையில் அமைந்தால் கணிப்பொறி அதனைத் தானே கண்டறிந்து நீக்கவல்லது என்பதைக் கூகுள் ஆய்வாளர்கள் 2017ஆம் ஆண்டிலேயே காட்டினர். கள்வனை முற்றும் தடுக்க இயலாத குறி, காண்பவர் அனைவர்க்கும் இடையூறாகிறது. ஆகவே பொறிக்கும் கை, குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கு கஷாயங்களுள் மானமும் லோபமும் தன்னை இயக்குகின்றனவா என வினவிக்கொள்ளல் வேண்டும்.

எடுத்துப் பரப்புவோர் கடமை

கள்ளாமை விரதத்திற்குக் கூறப்பட்ட ஐந்து அதிசாரங்களுள் களவுப்பொருளை ஏற்றலும், போலியை மெய்யென வழங்கலும் அடங்கும். பெயர் வெட்டப்பட்ட படம் என்று அறிந்தும் அதனை ஏற்றுப் பிறர்க்கு அனுப்புவது முன்னதை ஒக்கும். பிறர் படத்தைத் தம்முடையதாகக் காட்டுவது பின்னதை ஒப்பதுடன் வாய்மைக்கும் இழுக்காகும். படம் குறையாவிடினும், படைத்தவர்க்கு உரிய பெயரும் பயனும் குறைகின்றன. தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு இதுவே விடை.

இன்னொரு கேடும் உண்டு. ஊரும் பெயரும் இழந்து உலவும் ஜின பிம்பத்தைப் புத்தர் எனப் பிறர் குறித்துவிட்டால், நம் தொன்மைக்குரிய சான்று நம் கையாலேயே அழிந்ததாகும்.

நடைமுறைக்கு ஏற்ற வழி

முதலாவதாக, மூலப்படத்தை எக்குறியும் இடாமல் முழு அளவில் பாதுகாக்க வேண்டும். இரண்டாவதாக, பொதுவில் பகிரும் படியைச் சிறிதாக்கி, அதன் அடியில் வெண்பட்டை ஒன்று சேர்த்து, அதில் ஊர், திருமேனியின் பெயர், எடுத்த நாள், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை எழுதலாம். மூன்றாவதாக, படக் கோப்பின் உள்ளேயும் இவ்விவரங்களைப் பதிக்கலாம். பல செய்திச் செயலிகள் படத்தை அனுப்பும்போது அவற்றை நீக்கிவிடுவதால் இதனை மட்டும் நம்புதல் ஆகாது. நான்காவதாக, ஆலய நிருவாகத்தார்க்கும் ஆராய்ச்சியாளர்க்கும் குறியற்ற படத்தை மனமுவந்து வழங்க வேண்டும். பெயர் குறிப்பிட்டு எவரும் பயன்படுத்தலாம் என்று முன்னரே அறிவிக்க விரும்புவோர்க்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிம முறை 2002 முதல் உள்ளது.

ஏடுகளைப் படியெடுத்து வழங்கிய நம் முன்னோர் அதனைச் சாஸ்திர தானம் எனப் போற்றினர். தெளிவான படமும் பிழையற்ற குறிப்பும் இக்காலத்துச் சாஸ்திர தானமே. கொடுப்பவர் மானத்தை அடக்கிக் கொடுப்பாராக. கொள்பவர் நன்றியுடன் பெயர் கூறிக் கொள்வாராக. அருகன் திருவடி நிழலில் சிறு பெயராக நிற்பதே கழுகுமலைப் பாறை நமக்குக் கற்பிக்கும் பாடம்.

வாழ்க ஜினவறம்!